அப்பாவின் ஆல்ட்டோவுக்கு வேறு இன்ஜின் மாட்டலாமா?

கொங்குப் பகுதியின் ஒரு சிறு நகரத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அப்பா 2011-ல் புதிதாக வாங்கிய மாருதி ஆல்ட்டோ எல்எக்ஸ்ஐ கார் அது. இதுவரை 1,48,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அப்பா ஒன்றரை வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். தினமும் பள்ளிக்குப் போய்வர, மாதம் இருமுறை அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக, இவருக்கு இந்தக் கார்தான் துணை. போன கோடையில் ஒருநாள் வழியில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஆள் நடமாட்டம் இல்லாத சாலை என்பதால் நிறுத்தப் பயந்து, நான்கு கி.மீ. ஓட்டிப்போய் ஒரு மெக்கானிக் ஷெட்டைச் சேர்ந்தார். ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை என்று ஃபேன் மோட்டாரை மாற்றி, தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு சைலன்சரில் நீலப் புகை வருகிறது. 600 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது. மேட்டில் இரண்டாவது கியர் போடாமல் வண்டி ஏறுவதில்லை.

மூன்று இடத்தில் விசாரித்திருக்கிறார். ஒரு மெக்கானிக், 30,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட் இன்ஜின் மாட்டி, "பழைய நம்பரையே அதில் அடித்துத் தருகிறேன், ஆர்டிஓ ஆபீஸ் பக்கமே போக வேண்டாம்" என்கிறார். இன்னொருவர் முழு இன்ஜின் வேலைக்கு 48,000 கேட்கிறார். ஷோரூம் சர்வீஸில், இந்த வண்டிக்குச் செலவு செய்வது வீண், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள் என்கிறார்கள். தம்பி மகன் "ஆல்ட்டோ கே10 இன்ஜினைப் போட்டுவிடலாம் அத்தை, பிக்கப் பிரமாதமாக இருக்கும்" என்கிறான். உடன் வேலை செய்பவர், இன்னும் ஐந்து மாதத்தில் 15 வருடம் முடிகிறது, அப்புறம் காரை உடைக்கக் கொடுத்தே ஆக வேண்டும் என்று பயமுறுத்துகிறார். ஒரு கார் வியாபாரி இருக்கிற நிலையிலேயே 35,000 தருகிறாராம். "அப்பா துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி. விற்க மனசில்லை. அதற்காக ஏமாறவும் மனசில்லை" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த நம்பர் விஷயம்தான். அலைச்சல் மிச்சம் என்கிற மாதிரி அதை எழுதியிருக்கிறீர்கள். இன்சூரன்ஸ் கோரிக்கைகளுக்காக வண்டிகளைப் பார்வையிடும் மோட்டார் வாகன சர்வேயராக நான் அஞ்சுவது அந்த ஒரு வரியைத்தான். அதை விரிவாகப் பேசுவோம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. இன்ஜினை மாற்றத்தான் வேண்டுமா என்பதே இன்னும் தெரியவில்லை. மூன்று பேரும் புகையைப் பார்த்தும் சத்தத்தைக் கேட்டும் சொல்லியிருக்கிறார்களே தவிர, ஒருவராவது அளந்து பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

முதலில் கம்ப்ரஷன் சோதனை

ஒன்றரை லட்சம் ஓடிவிட்டது, அதனால் இன்ஜினின் ஆயுள் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. உங்கள் காரில் இருப்பது எஃப்8டி என்ற 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். நேரத்துக்கு ஆயில் மாற்றி ஓட்டினால் இரண்டு லட்சம் கி.மீ.யைத் தாண்டியும் உழைக்கிற இன்ஜின் அது. உங்கள் அப்பா வண்டியைப் பார்த்துக்கொண்ட விதத்தை எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்தால் வயது இதைக் கெடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. கெடுத்தது சூடு.

இன்ஜினின் கீழ்ப்பாகமான பிளாக் வார்ப்பிரும்பு, மேலே உட்காரும் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். அளவு மீறிச் சூடானால் ஹெட் லேசாக வளைந்துவிடும், இடையில் இருக்கும் ஹெட் கேஸ்கட் விட்டுப்போகும், வால்வுகளின் ரப்பர் சீல்கள் இறுகிப்போய் ஆயிலைத் தடுக்காமல் உள்ளே விடும். சூடு அதையும் தாண்டினால் பிஸ்டன் ரிங்குகள் விறைப்பை இழக்கும், சிலிண்டர் சுவரில் கீறல் விழும். முதல் வகைச் சேதம் என்றால் ஹெட் வேலையோடு போகும். இரண்டாவது வகை என்றால்தான் முழு இன்ஜின் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் வருவது ஒரே நீலப் புகைதான்.

நான்கு கி.மீ. ஓட்டியது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆளில்லாத சாலையில் தனியாக இருந்த பெண்ணிடம், அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நான்கு கி.மீ. இன்ஜினைப் பாதித்திருக்கும் என்பது உண்மை. இனி எப்போதாவது டெம்பரேச்சர் முள் மேலே ஏறினால் உடனே ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுதாகத் திறந்து வையுங்கள். அது இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை வெளியே இழுக்கும். பாதுகாப்பான முதல் இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

எந்தச் சேதம் என்று தெரிந்துகொள்ள கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்தமானியை வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுப் பார்ப்பதுதான் அது. பேட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும், இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், மூன்று பிளக்கையும் கழற்றியிருக்க வேண்டும். இதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. மூன்று சிலிண்டரின் எண்களையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் சதுர செ.மீ.க்கு 1 கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

எண் குறைவாக இருக்கும் சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். அழுத்தம் சட்டென்று ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) பக்கம் கசிவு. ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டிலும் சேர்ந்தாற்போல் அழுத்தம் குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கட் விட்டிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

வீட்டிலேயே நீங்கள் கவனிக்கக்கூடியதும் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மூச்சு நீலப் புகை வந்து அப்புறம் நின்றுவிட்டால் வால்வு சீல் மீது சந்தேகப்படலாம். ஓடும்போது ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்கப் புகை வந்துகொண்டே இருந்தால் ரிங். ஐடிலிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப் குப்பென்று காற்றும் புகையும் அடிக்கிறதா பாருங்கள். மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது அதைத்தான். அந்த மூடியின் உள்பக்கம் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். அப்படியானால் அதற்குமேல் ஒரு கி.மீ.கூட ஓட்டாதீர்கள்.

600 கி.மீ.க்கு ஒரு லிட்டர் என்கிறீர்கள், பிக்கப்பும் போயிருக்கிறது. எனக்கு ரிங் பக்கம்தான் சந்தேகம் அதிகம். இருந்தாலும் சோதித்து, ஹெட் வேலை மட்டும் போதும் என்று வந்தால் உங்கள் செலவு 48,000-த்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்துவிட வேண்டும். அதற்காகவாவது இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. எரிந்த ஆயில் சைலன்சர் வழியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் ஆக்சிஜன் சென்சாரையும் அடைத்துக்கொண்டே வரும். மாதங்கள் போகப் போக அதுவும் சேர்ந்து உங்கள் பில்லில் ஏறும்.

நம்பர் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்

இன்ஜின் நம்பர் பிளாக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆர்.சி.யில் சேஸிஸ் நம்பருக்குப் பக்கத்தில் இருப்பது அதே நம்பர்தான். வேறு காரின் இன்ஜினைக் கொண்டுவந்து, அதன் நம்பரைத் தேய்த்து அழித்து, உங்கள் நம்பரை அடிப்பது என்றால், இரண்டு காரின் அடையாளத்தை ஒரே நேரத்தில் பொய்யாக்குவது. நேர்மையாக வாங்கிய இன்ஜின் என்றால் அதன் நம்பரை எதற்கு அழிக்க வேண்டும்? இந்தக் கேள்வியை அந்த மெக்கானிக்கிடம் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்பதால் இங்கே கேட்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 55-வது பிரிவின்படி, வண்டியில் பொறித்திருக்கும் இன்ஜின் நம்பரோ சேஸிஸ் நம்பரோ ஆர்.சி.யில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்றால், உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்டுவிட்டுப் பதிவையே ரத்து செய்ய பதிவு அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் கீழ், அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். அந்த இன்ஜின் திருட்டு வண்டியுடையது என்று தெரியவந்தால் விவகாரம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவுக்குப் போகும். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் நேர்மையில்லாமல் வாங்கியவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. நம்பரை அழித்தது உங்களுக்குத் தெரியும் என்கிற நிலையில், "எனக்குத் தெரியாது" என்று நீங்கள் சொல்வதை யார் ஏற்பார்கள்?

விபத்துக் கோரிக்கைகளில் வண்டியைப் பார்வையிடும்போது சேஸிஸ், இன்ஜின் நம்பர்களைத்தான் முதலில் சரிபார்ப்போம். தேய்த்து அடித்த நம்பர் கண்ணுக்கே தெரியும். எழுத்தின் ஆழம் வேறாக இருக்கும், இடைவெளி வேறாக இருக்கும், சுற்றியுள்ள வார்ப்பின் சொரசொரப்பு அந்த இடத்தில் மட்டும் இருக்காது. ஆர்.சி. புதுப்பிக்க நீங்கள் வண்டியைக் கொண்டுபோகும்போது மோட்டார் வாகன ஆய்வாளரும் இதையேதான் பார்ப்பார். உங்களுக்கு அந்த நாள் ஐந்தே மாதத்தில் வருகிறது.

செகண்ட் ஹேண்ட் இன்ஜின் மாட்டுவதே குற்றம் என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள். அதே வகை இன்ஜினைச் சட்டப்படி மாட்ட வழி இருக்கிறது. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றிய இன்ஜின்கள் வெளிப்படையாகவே விற்பனையாகின்றன. விற்பவரிடம் இன்ஜின் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில், அந்த இன்ஜின் எந்தக் காரிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகல், அந்தக் கார் உடைக்கப்பட்டதற்கான ஆவணம், இவ்வளவும் வாங்க வேண்டும். மாட்டுவதற்கு முன்பே உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்கிவிடுங்கள். மாட்டியபின் 14 நாட்களுக்குள் ஆர்.சி.யோடு தெரிவித்துப் புது நம்பரைப் பதிவு செய்ய வேண்டும், 52-வது பிரிவு சொல்லும் கெடு அது. பிறகு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதிக்கொடுத்து பாலிசியில் நம்பரை மாற்றுங்கள்.

ஆனாலும் உங்களுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். கழற்றி வைத்த இன்ஜினின் வரலாறு யாருக்கும் தெரியாது. அது ஓடிய தூரம், ஆயில் மாற்றிய லட்சணம் எதற்கும் சாட்சி இல்லை. வெள்ளத்தில் மூழ்கிய காரிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். டைமிங் பெல்ட் மூடிக்குள் சேறு காய்ந்திருந்தாலோ பிளக் ஓட்டைக்குள் துரு தெரிந்தாலோ தொடவே தொடாதீர்கள். உங்கள் பிளாக்கில் விரிசல் என்று வந்தால் மட்டும் இந்த வழியை யோசிக்கலாம்.

தம்பி மகனின் யோசனையையும் இங்கேயே பேசிவிடுகிறேன். கே10 இன்ஜின் 998 சிசி, வேறு குடும்பத்து இன்ஜின். அதை மாட்டினால் மவுண்டிங், வயரிங், ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), கியர்பாக்ஸ் என்று வேலை நீண்டுகொண்டே போகும். அதைவிட முக்கியம், ஆர்.சி.யில் இருக்கும் சிசி மாறிவிடும். தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பையனின் ஆர்வம் நல்லது, இந்தக் காரில் வேண்டாம்.

உங்கள் பிளாக்கையே சரிசெய்வதுதான் என் யோசனை

ரிங், போர் போய்விட்டது என்று சோதனையில் உறுதியானால் இரண்டாவது மெக்கானிக் சொன்ன வழியே உங்களுக்குச் சரி. சொந்த பிளாக்கைப் போர் செய்து, அதாவது சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடும்போது நம்பர் மாறுவதில்லை. நம்பர் மாறாததால் ஆர்டிஓ அனுமதி என்ற பேச்சே எழாது. ஹெட்டையே மாற்றினாலும் அப்படித்தான்.

கோவை சுற்றுவட்டாரத்தில் நல்ல போரிங் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆனால் வேலையின் தரம் பட்டறைக்குப் பட்டறை வேறுபடும், அதனால் என்ன செய்யப்போகிறார்கள் என்று நீங்கள் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. பிளாக்கை நன்றாகக் கழுவி, சிலிண்டரின் மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்தில் போர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். தேய்மானம் சிலிண்டர் முழுக்க ஒரே மாதிரி இருக்காது, மேல்பக்கம்தான் அதிகம். அளவைப் பொறுத்து 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கி, அந்தப் பிஸ்டனையே பட்டறைக்குக் கொடுத்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுப் போர் செய்யச் சொல்ல வேண்டும். முதலில் போர் செய்துவிட்டு அப்புறம் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை. போர் முடிந்ததும் சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியும்படி ஹோனிங் செய்ய வேண்டும். ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான்.

பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டையும் அளக்காமல் மூடிவிடக் கூடாது. தேய்ந்திருந்தால் கிரைண்டிங் செய்து, அதற்குரிய அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். ஹெட்டின் அடிப்பரப்பில் ஸ்கேல் வைத்து வளைவு பார்க்க வேண்டும். சுசூகி இன்ஜின்களில் 0.05 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் சமன் செய்தே மாட்ட வேண்டும். ஆயில் பம்ப், டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், கிராங்கின் முன், பின் ஆயில் சீல்கள், வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பழையது போதும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்ஜின் திறந்து கிடக்கும்போது மாற்றினால் பொருளுக்கு மட்டும்தான் காசு. ஆறு மாதம் கழித்து ஒரு சீல் கசிந்தால் மறுபடியும் இறக்கி ஏற்றும் கூலியையும் நீங்கள்தான் தர வேண்டியிருக்கும். கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த இன்ஜினை வைத்தாலும், சூடானதற்கான காரணம் அப்படியே இருந்தால் அதுவும் இதே வழியில்தான் போகும். ஃபேன் மோட்டாரை மாற்றினார்கள், சரி. ஃபேனை இயக்கும் சென்சார், ரிலே, ரேடியேட்டருக்குள் சேர்ந்த உப்பு, ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் ஆகியவற்றைப் பார்த்தார்களா? வெறும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், இத்தனை மாதம் அதுவே சுற்றிக்கொண்டிருந்தால் உள்ளே துரு சேர்ந்திருக்கும். ரேடியேட்டரைக் கழுவி கூலன்ட் ஊற்ற வேண்டும். நம் ஊரில் சிலர், சூட்டுப் பிரச்சினை என்றால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடுவார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் தனக்கு வேண்டிய சூட்டை எட்ட வெகுநேரம் எடுத்துக்கொள்ளும், பெட்ரோல் கூடும், தேய்மானமும் கூடும். புது தெர்மோஸ்டாட் பெரிய விலை இல்லை.

வேலையை ஒப்படைக்கும்போது இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்:

- எந்தெந்தப் பாகம், எந்த கம்பெனி, என்ன விலை, கூலி எவ்வளவு என்ற பட்டியல். 48,000 என்ற மொத்தத் தொகையை வைத்துப் பின்னால் எதையும் கேட்க முடியாது.
- கழற்றும் முன் இன்ஜின் நம்பரின் தெளிவான புகைப்படம். திரும்ப வாங்கும்போது ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பிளாக்குக்குப் பதில் வேறு பிளாக் வந்துவிடாமல் இருக்க இதுதான் காவல்.
- பழைய பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்புதல்.
- எத்தனை மாதம் அல்லது எத்தனை கி.மீ. உத்தரவாதம் என்று பில்லிலேயே எழுதிய ஒரு வரி.

அட்வான்ஸாகப் பாகங்களின் விலையை மட்டும் கொடுங்கள், கூலியை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். வேலையில் குறை வந்து அவர்கள் கைவிரித்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போக உங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. பில் இல்லாமல் அங்கே போனால் பாதி வழக்கு போன மாதிரி, அதனால்தான் எழுத்து எழுத்து என்கிறேன்.

இந்தச் செலவை இன்சூரன்ஸ் தராதா என்றும் கேட்டிருந்தீர்கள். தராது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சாதாரண கார் பாலிசியில் விலக்கப்பட்டவை.

ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது

நீங்கள் ஒரு பிரச்சினையாகவே இதை எழுதவில்லை. "இன்சூரன்ஸ் ஒழுங்காகக் கட்டிவருகிறேன், அப்பா பெயரிலேயே ஆன்லைனில் புதுப்பித்துவிட்டேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. இன்ஜினைவிட அவசரம் இது. பாலிசிதாரர் இறந்துவிட்டால் பாலிசி மூன்று மாதம் அல்லது அதன் காலம் முடியும் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் நிற்கும். அதற்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். காலமானவர் பெயரில் புதுப்பித்த பாலிசியை நம்பி, நாளைக்கு வண்டிக்கு ஏதாவது ஆனால் பணம் கிடைக்கும் என்று இருக்காதீர்கள்.

ஆர்.சி.க்கும் கெடு உண்டு. உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்குக் கெடு தாண்டிவிட்டது. பயப்பட வேண்டாம், தாமதக் கட்டணம் வரும், அவ்வளவுதான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தம்பியும் ஆட்சேபம் இல்லை என்று தரும் உறுதிமொழி, ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடன் அடைத்திருந்தாலும் அதை நீக்காமல் விட்டிருப்பது நிறையப் பேரிடம் இருக்கும் பழக்கம்.

அந்த 35,000 ரூபாய் வியாபாரியையும் இதனால்தான் யோசித்து அணுகச் சொல்கிறேன். பெயர் மாற்றாமலேயே வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்பவரிடம் கொடுக்கவே கூடாது. விபத்து இழப்பீட்டில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. யாரோ ஓட்டி யாரையோ இடித்தால், அப்பாவின் வாரிசு என்று நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

15 வருடம் ஆனால் கார் முடிந்ததா?

முடியவில்லை. 15 வருடமான பெட்ரோல் கார் ஓடக் கூடாது என்பது டெல்லி சுற்றுவட்டாரத்துக்கென்று வந்த உத்தரவுகளின் கதை. தமிழ்நாட்டில் சொந்தக் காரைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். படிவம் 25-ல், காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள். 2022 ஏப்ரல் முதல் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். அதோடு மாநிலத்தின் பசுமை வரியும் உண்டு. இப்போது வருகிற நீலப் புகையோடு போனால் சான்று கிடைக்காது, அதனால் இன்ஜின் வேலையை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

சரி, இத்தனை செலவு இந்தக் காருக்குத் தகுமா? ஷோரூமில் சொன்னதை நான் முழுதாக மறுக்க மாட்டேன். இன்ஜினுக்குப் போட்ட 48,000 விற்கும்போது திரும்பி வராது. அந்தப் பணம் திரும்ப வருவது நீங்கள் ஓட்டப்போகும் வருடங்களில்தான். அதனால் கேட்க வேண்டியது, இந்த உடம்பு இன்னும் ஐந்து வருடம் தாங்குமா என்பதே. வண்டியை லிஃப்டில் ஏற்றி, கதவுகளுக்குக் கீழே ஓடும் பாகம், தரைத்தகடு, முன்பக்கம் ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) உட்காரும் இடம், பின் ஆக்சில் பிடிமானங்கள் ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தகடு உள்ளே போனால், ஓட்டை விழுந்தால், இன்ஜினுக்குக் காசு போடாதீர்கள். துரு இல்லாமல் கெட்டியாக இருந்தால் போடலாம். கடற்காற்று படாத ஊரில், துடைத்துத் துடைத்து வைத்திருந்த கார் என்கிறீர்கள். நன்றாகவே இருக்கும் என்று நம்புகிறேன். அதே 48,000-த்துடன் கார் விற்ற 35,000-ஐயும் சேர்த்து வேறு பழைய காரை வாங்கினால், அதன் இன்ஜின் என்ன நிலையில் இருக்கிறது என்று ஓட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதன் குறையாவது உங்களுக்குத் தெரிந்த குறை.

உடம்பு போயிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு விட்டுவிடுங்கள். அப்போதும் தெருவோர இரும்புக் கடைக்குப் போடாமல், அரசிடம் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்து, அவர்கள் தரும் சான்றிதழை வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள். அப்பா பெயரில் ஒரு நம்பர் எங்கோ உலவிக்கொண்டிருக்கக் கூடாது.

நீங்கள் பள்ளிக்கு விடுப்பு எடுக்க முடியாது என்று எழுதியிருப்பதால் வரிசையைச் சொல்கிறேன். இந்த வாரமே கம்ப்ரஷன் சோதனையும் அடித்தகடு பரிசோதனையும். அதே நேரத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பம். இன்ஜின் வேலை காலாண்டு விடுமுறையில். அதற்குள் படிவம் 31 போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பெயர் மாறியதும் இன்சூரன்ஸ். கடைசியாக ஆர்.சி. புதுப்பிப்பு. வேலை முடிகிறவரை அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேறு வண்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். 600 கி.மீ.க்கு ஒரு லிட்டர் குடிக்கும் இன்ஜினில், அடியில் இருப்பதே மூன்று லிட்டருக்குள்தான். ஆயில் விளக்கு எரிகிற அன்று அவர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வேலை முடிந்து வந்தபின் முதல் 1,000 கி.மீ. வரை ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்காதீர்கள். ஒரே வேகத்திலும் நெடுநேரம் ஓட்டாமல், கூட்டிக் குறைத்து ஓட்டினால் ரிங் நன்றாக உட்காரும். 1,000 கி.மீ. ஆனதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், புது ரிங் தேய்ந்த தூளெல்லாம் அதோடு வெளியே வந்துவிடும். சோதனையில் கிடைக்கும் மூன்று சிலிண்டரின் எண்களையும், ஆயில் விட்டபின் வந்த எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். ஹெட் வேலையா முழு வேலையா என்பதை அவற்றை வைத்துத் திட்டமாகச் சொல்கிறேன், மெக்கானிக்கிடம் நீங்கள் பேசப் போவதற்கு முன்பே.